பத்து வயதுப் பணியாள் கண்ட நூறாண்டு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

வரலாற்று நூல்களைத் திறந்தால் முதலில் நம் கண்ணில் படுபவர்கள் ஆட்சியாளர்கள், அடுத்துப் படைத்தளபதிகள். இன்ன ஆண்டில் இன்னார் பதவிக்கு வந்தார், இன்ன ஆண்டில் இன்ன நகரம் வெற்றி கொள்ளப்பட்டது என்றே பக்கங்கள் நகர்கின்றன. அதே ஆண்டுகளில் தண்ணீர் சுமந்தவர்களும், பிள்ளைகளை வளர்த்தவர்களும், இறந்தோரை அடக்கிவிட்டு மறுநாள் வேலைக்குச் சென்றவர்களும் அந்தக் காலத்தை எவ்வாறு வாழ்ந்து கடந்தார்கள் என்பதற்கு அந்நூல்களில் இடம் குறைவு.

இஸ்லாமிய வரலாற்றின் முதல் நூற்றாண்டை அப்படிப்பட்ட ஒருவருடைய ஆயுளைக் கொண்டு அளந்து பார்க்க நமக்கு வாய்ப்பு இருக்கிறது. அவர் கலீஃபாவாக இருந்தவரல்லர், பெரும்படை நடத்தியவருமல்லர். ஒரு வீட்டுக்குப் பணியாளாகச் சென்ற சிறுவர். அவர்தாம் அனஸ் இப்னு மாலிக் (ரழி). நபித்தோழர் என்ற வகையில் அவருடைய தகுதி மிக உயர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அதிகாரத்தின் வரலாற்றில் அவர் ஒரு சாமானியர். நூறு ஆண்டுகளை ஒட்டி வாழ்ந்த அந்தச் சாமானியரின் வாழ்வு, நம் இல்லங்களை நோக்கி ஒரு கேள்வியை எழுப்புகிறது. காலம் அனைத்தையும் மாற்றிக்கொண்டிருக்கும்போது, மாறாமல் காத்து அடுத்த தலைமுறையிடம் நாம் ஒப்படைப்பது எதை?

யஸ்ரிபின் சிறுவர்

அனஸ் (ரழி) ஏறத்தாழ கி.பி. 612இல் யஸ்ரிபில், கஸ்ரஜ் குலத்தின் பனூ நஜ்ஜார் கிளையில் பிறந்தார்கள். அன்றைய உலகை இரண்டு பேரரசுகள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ரோமும் பாரசீகமும் 602இல் தொடங்கிய நெடும்போரில் ஈடுபட்டிருந்தன. அனஸ் (ரழி) நடை பழகும் வயதில், 614இல், பாரசீகர்கள் ஜெரூசலத்தைக் கைப்பற்றினார்கள். யஸ்ரிபிலும் அமைதி இல்லை. ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தார் புஆஸ் போரில் ஒருவரையொருவர் வெட்டி மடிந்தார்கள். இரு தரப்பிலும் தலைவர்கள் பலர் அழிந்தனர். சிறுவர் அனஸ் வளர்ந்தது அந்த இழப்பின் நிழலில்தான்.

வீட்டுக்குள்ளும் ஒரு பிளவு ஏற்பட்டது. தாயார் உம்மு ஸுலைம் (ரழி) இஸ்லாத்தை ஏற்றார்கள். தந்தை மாலிக் இப்னு நள்ர் அதைப் பொறுக்காமல் ஷாம் தேசத்துக்குப் போய்விட்டார். அங்கேயே இறந்தும் போனார். பின்னர் அபூதல்ஹா (ரழி) உம்மு ஸுலைமை மணம் பேச வந்தபோது, அவர் இஸ்லாத்தை ஏற்பதையே தமக்குரிய மஹராக அந்த அம்மையார் கேட்டார்கள். அந்த மார்க்கப் பற்றுள்ள இல்லத்தில்தான் அனஸ் (ரழி) வளர்ந்தார்கள்.

622இல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தார்கள். செல்வர்கள் தத்தம் வசதிக்கேற்ப அன்பளிப்புகள் கொண்டுவந்தனர். உம்மு ஸுலைம் (ரழி) தம் பத்து வயது மகனின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, தங்களுக்குப் பணிவிடை செய்ய இவன் இருக்கட்டும் என்று ஒப்படைத்தார்கள். அந்தத் தாயின் முடிவுதான் அனஸ் (ரழி) அவர்களின் வாழ்வையே தீர்மானித்தது.

பத்து ஆண்டுப் பணி

அடுத்த பத்து ஆண்டுகள் பத்ரும் உஹதும் அகழ்ப்போரும் ஹுதைபிய்யாவும் மக்கா வெற்றியும் நிகழ்ந்த ஆண்டுகள். அவற்றின் நடுவே அனஸ் (ரழி) செய்த வேலைகள் மிக எளியவை. தண்ணீர் எடுத்துவைப்பது, செய்தி கொண்டுபோவது, விருந்தினரை அழைத்துவருவது, சொன்ன இடத்துக்கு ஓடிப்போய்த் திரும்புவது.

ஒரு நாள் ஏவப்பட்ட வேலைக்குப் போகும் வழியில் கடைத்தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கண்டு அங்கே நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பற்றியது. திரும்பிப் பார்த்தால், நபி (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். செல்லமாகப் பெயரைச் சுருக்கி அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள். பத்து ஆண்டுகளில் தம்மை ஒருமுறையேனும் ‘ச்சீ’ என்று சொன்னதில்லை, செய்த ஒன்றை ஏன் செய்தாய் என்றோ செய்யாத ஒன்றை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று பிற்காலத்தில் அனஸ் (ரழி) கூறிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம்.

அந்தச் சிறுவரின் கண்களில் பதிந்தவை எவை என்பதைக் கவனிக்க வேண்டும். உஹதுப் போரில் தாயார் உம்மு ஸுலைமும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களும் தோல்பைகளில் தண்ணீர் சுமந்து ஓடியதை அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். அதே போரில் அவர்களுடைய சிறிய தந்தை அனஸ் இப்னு நள்ர் (ரழி) ஷஹீதானார். உடலெங்கும் காயங்கள் நிறைந்திருந்ததால், சகோதரியால் விரல்நுனியைக் கொண்டே அவரை அடையாளம் காண முடிந்தது. மது தடை செய்யப்பட்ட அறிவிப்பு வந்த நேரத்தில், அபூதல்ஹாவின் வீட்டில் விருந்தினர்களுக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் இதே அனஸ் (ரழி) தாம். அறிவிப்பைக் கேட்டதும் அபூதல்ஹா (ரழி) அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் நபி (ஸல்) அவர்கள் தட்டில் சுரைக்காயைத் தேடி எடுத்துண்டதைக் கண்டது முதல், தமக்கும் சுரைக்காய் விருப்பமாகிவிட்டது என்றும் கூறுகிறார்கள்.

பேரரசர்களின் வரலாற்றை எழுதியவர்களுக்குச் சுரைக்காய் ஒரு பொருட்டாகத் தோன்றியிருக்காது. அனஸ் (ரழி) அதையும் காத்து வைத்தார்கள்.

ஒளியும் இருளும்

ஹிஜ்ரீ 11ஆம் ஆண்டு, கி.பி. 632இல், நபி (ஸல்) அவர்கள் மறைந்தார்கள். அனஸ் (ரழி) அவர்களுக்கு அப்போது ஏறத்தாழ இருபது வயது. நபி (ஸல்) மதீனாவுக்குள் நுழைந்த நாளைப்போல் ஒளிமிக்க நாளையும், அவர்கள் மறைந்த நாளைப்போல் இருண்ட நாளையும் தாம் கண்டதில்லை என்று சொன்னார்கள். அடக்கம் செய்த மண்ணைக் கையிலிருந்து உதறும் முன்பே எங்கள் உள்ளங்கள் மாறிவிட்டதை உணர்ந்தோம் என்ற கருத்தையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அடக்கம் முடிந்து திரும்பியவரிடம் ஃபாத்திமா (ரழி), இறைத்தூதர் மீது மண்ணைத் தள்ள உங்களுக்கு எவ்வாறு மனம் வந்தது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நமக்குச் சொன்னவரும் அனஸ் (ரழி) தாம்.

இருபது வயதில் தம் வாழ்வின் ஒளிமிக்க பகுதி முடிந்துவிட்டது என்று எண்ணியவருக்கு, அதன் பிறகு எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் காத்திருந்தன.

பேரரசுகள் சரிந்தபோது

முதல் கலீஃபா அபூபக்ர் (ரழி), அரபுத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையான பஹ்ரைனுக்கு ஸகாத் திரட்டும் பொறுப்பில் அனஸ் (ரழி) அவர்களை அனுப்பினார்கள். கையில் ஒரு கடிதமும் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

உமர் (ரழி) ஆட்சியில் உலகின் வரைபடம் மாறியது. யர்மூக்கில் ரோமர்களும் காதிஸிய்யாவில் பாரசீகர்களும் தோற்றார்கள். வளைகுடாவை அடுத்த பகுதியில், நாணற்குடிசைகளாகத் தொடங்கிய பஸ்ரா என்ற புதிய நகரில் அனஸ் (ரழி) குடியேறினார்கள். ஹிஜ்ரீ 20ஆம் ஆண்டளவில் நடந்த துஸ்தர் முற்றுகையில் அவர்களும் கலந்துகொண்டார்கள். அங்கே அவர்களின் சகோதரர், மாவீரர் பராஉ இப்னு மாலிக் (ரழி) ஷஹீதானார். கோட்டை வீழ்ந்தது, பாரசீகத் தளபதி ஹுர்முஸான் சரணடைந்தான், அவனை மதீனாவுக்கு அழைத்துச் சென்றவர்களில் அனஸ் (ரழி) ஒருவர்.

பிற்காலத்தில் துஸ்தரைப் பற்றிப் பேசியபோது அனஸ் (ரழி) எதை நினைவுகூர்ந்தார்கள்? அன்று விடியற்காலையில் போர் கடுமையாக இருந்ததால் ஃபஜ்ர் தொழுகையை நேரத்தில் நிறைவேற்ற இயலவில்லை. பகல் ஏறிய பிறகே தொழுதார்கள். அந்த ஒரு தொழுகைக்கு ஈடாக உலகமும் அதிலுள்ள அனைத்தும் கிடைத்தாலும் தமக்கு மகிழ்ச்சி தராது என்றார்கள். படைகள் ஒரு நகரத்தைப் பெற்ற நாளில் ஒரு தொழுகையின் நேரத்தை இழந்ததையே அவர்கள் கணக்கில் வைத்தார்கள்.

அவர்களும் மனிதரே என்பதற்கும் சான்று உண்டு. ஐனுத் தம்ரில் சிறைப்பட்டு, அனஸ் (ரழி) அவர்களிடம் அடிமையாக வந்து சேர்ந்த ஸீரீன் என்பவர், தவணை முறையில் பணம் செலுத்தி விடுதலை பெறும் உடன்படிக்கையைக் கேட்டார். அனஸ் (ரழி) முதலில் இணங்கவில்லை. செய்தி உமர் (ரழி) அவர்களிடம் சென்றது. அவர்கள் சாட்டையை ஓங்கி, அத்தகைய உடன்படிக்கை செய்துகொடுக்குமாறு கூறும் இறைவசனத்தை ஓதிக் காட்டினார்கள். அனஸ் (ரழி) பணிந்தார்கள். அந்த ஸீரீனின் மகன்தான் பஸ்ராவின் பேரறிஞர் முஹம்மத் இப்னு ஸீரீன் (ரஹ்). அனஸ் (ரழி) மறைந்தபோது அவர்களின் ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர் அவரே.

ஹிஜ்ரீ 31இல் கடைசிப் பாரசீகப் பேரரசர் யஸ்தகிர்த் கொல்லப்பட்டபோது அனஸ் (ரழி) நாற்பது வயதை எட்டியிருந்தார்கள். அவர்கள் பிறந்தபோது உலகையே ஆண்ட இரு வல்லரசுகளில் ஒன்று, அவர்களின் பாதி ஆயுளுக்குள் இல்லாமலே போயிற்று.

சோதனைகளின் காலம்

வெளியே வெற்றிகள் பெருகிய அதே காலத்தில் உள்ளே குழப்பங்கள் மூண்டன. உஸ்மான் (ரழி) கொல்லப்பட்டார்கள். ஜமல் போர், அனஸ் (ரழி) வாழிடமாகக் கொண்ட பஸ்ராவின் அருகிலேயே நடந்தது. அடுத்து ஸிஃப்பீன். அடுத்து அலீ (ரழி) அவர்களின் படுகொலை.

ஹிஜ்ரீ 61இல் கர்பலா. இமாம் ஹுஸைன் (ரழி) அவர்களின் தலை ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாதின் முன் கொண்டுவரப்பட்டது. அவன் அதைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துச் சொன்னவர் அனஸ் (ரழி). நபியின் குடும்பத்தாரிலேயே நபிக்கு மிக ஒத்த முகம் இவருடையது என்றார்கள். எழுபது வயது முதியவர் அவர்கள். அந்தக் குழந்தை எவருடைய மடியில் வளர்ந்தது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டவர்கள். அந்த அவையில் அவர்களிடம் ஆயுதம் இல்லை. சாட்சியம் மட்டுமே இருந்தது. அதைச் சொன்னார்கள்.

ஹிஜ்ரீ 64இல் பஸ்ராவில் நிர்வாகம் குலைந்தபோது, அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரழி) அவர்களின் வேண்டுகோளின்படி நாற்பது நாள்கள் மக்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். ஹிஜ்ரீ 69இல் ‘ஜாரிஃப்’ என்ற கொடிய கொள்ளைநோய் பஸ்ராவை வாரிச் சென்றது. அனஸ் (ரழி) அவர்களுக்குச் செல்வமும் மக்களும் பெருக வேண்டுமென நபி (ஸல்) துஆச் செய்திருந்தார்கள். அந்த துஆ பலித்தது. அவர்களின் தோட்டம் ஆண்டுக்கு இருமுறை காய்த்தது. ஆனால் நிறைய மக்களைப் பெற்ற நீண்ட ஆயுளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹஜ்ஜாஜ் பஸ்ராவுக்கு வந்த காலத்துக்குள், தம் வழித்தோன்றல்களில் 120க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுவிட்டார்கள் என்று தம் மகள் சொன்னதாக அவர்களே கூறுகிறார்கள். எத்தனை கப்ருகளின் அருகில் அந்த முதியவர் நின்றிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹிஜ்ரீ 74இல் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப், நபித்தோழர்கள் சிலரை இழிவுபடுத்தும் நோக்கில் அவர்களுக்கு ஈய முத்திரை இட்டதாகவும், அனஸ் (ரழி) அவர்களின் கழுத்தில் அது இடப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். எண்பதைத் தாண்டிய, இறைத்தூதரின் பணியாளருக்கு நேர்ந்த அவமதிப்பு அது. ஹஜ்ஜாஜின் கொடுமையைப் பற்றி மக்கள் முறையிட்டபோது, பொறுமையாக இருங்கள், வருகின்ற காலம் சென்ற காலத்தைவிடக் கடினமாகவே இருக்கும் என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். அதே வேளையில் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை கலீஃபாவிடம் முறையிடவும் அவர்கள் தயங்கவில்லை. கலீஃபா அப்துல் மலிக் கடுமையான கடிதம் எழுதி ஹஜ்ஜாஜைக் கண்டித்தார்.

திமிஷ்கில் வடித்த கண்ணீர்

அனஸ் (ரழி) தம் முதுமையில் கண்ட மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். சிறுவயதில் மதீனாவின் கடைத்தெருவில் புழங்கியவை ரோம, பாரசீக நாணயங்கள். ஹிஜ்ரீ 77இல் கலிமா பொறித்த தீனார் வெளிவந்தது. மஸ்ஜிதுன் நபவீ எழுந்த நிலம் அவர்களின் சொந்தக் குலமான பனூ நஜ்ஜாருடையது. பழைய கப்ருகளும் இடிபாடுகளும் பேரீச்ச மரங்களும் இருந்த இடம் சீர்செய்யப்பட்டு, மரத்தண்டுகளைத் தூணாகக் கொண்டு அந்தப் பள்ளி எழுந்ததை நமக்கு விவரித்தவர் அவர்களே. ஹிஜ்ரீ 88இல் கலீஃபா வலீதின் ஆணைப்படி அந்தப் பள்ளி இடித்து விரிவாக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகளும் அதற்காக அகற்றப்பட்டன. தாம் பத்து வயதில் ஓடியாடிப் பணிசெய்த அறைகள் அவை. அவை இல்லாமற்போன பிறகும் அனஸ் (ரழி) வாழ்ந்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) திமிஷ்கில் அவர்களைச் சந்திக்கச் சென்றபோது அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஹஜ்ஜாஜைப் பற்றி வலீதிடம் முறையிட அங்கு வந்திருந்ததாக இப்னு ஹஜர் (ரஹ்) விளக்குகிறார்கள். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டதற்கு அனஸ் (ரழி) சொன்ன பதிலின் கருத்து இதுதான்: நான் அன்று கண்டவற்றில் இன்று அடையாளம் தெரிவது இந்தத் தொழுகை ஒன்றுதான், அதையும் பாழாக்கிவிட்டார்கள்.

அன்றைய ஆட்சியாளர்கள் தொழுகையை அதன் நேரத்தைவிட்டுத் தாமதப்படுத்தி வந்தார்கள். வலீதின் ஆட்சியில்தான் திமிஷ்கில் மாபெரும் பள்ளிவாசல் எழும்பியது. ஹிஜ்ரீ 92இல் தாரிக் இப்னு ஸியாத் அந்தலுஸில் கால்வைத்தார். அதே காலத்தில் முஹம்மத் இப்னு காஸிம் ஸிந்துவை வென்றார். மேற்கிலும் கிழக்கிலும் எல்லை விரிந்த அந்த ஆண்டுகளில், வளர்ந்தவை எவை என்பதை உலகம் எண்ணிக்கொண்டிருந்தது. தேய்ந்தது எது என்பதை அனஸ் (ரழி) அறிந்திருந்தார்கள்.

ஆயினும் அவர்கள் கடந்த காலத்தைச் சொல்லிப் புலம்புவதையே தொழிலாகக் கொண்டவரல்லர். மதீனாவுக்குச் சென்றபோது, நீங்கள் வரிசையை நேராக்குவதில்லை என்பதைத் தவிர வேறெதையும் நான் குறையாகக் காணவில்லை என்று நேர்மையாகச் சொன்னார்கள். மதீனாவின் இளம் ஆளுநர் உமர் இப்னு அப்துல் அஸீஸின் பின்னால் தொழுதுவிட்டு, நபியின் தொழுகைக்கு இவ்வளவு ஒப்பான தொழுகையை வேறு எவரிடமும் காணவில்லை என்று பாராட்டினார்கள். நல்லதை இளையவரிடம் கண்டபோது அதை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அவர்களிடம் இருந்தது.

வீட்டில் காத்த கடிதம்

ஹிஜ்ரீ 93ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ 103 வயதில், பஸ்ராவில் அனஸ் (ரழி) மறைந்தார்கள். அந்நகரில் கடைசியாக மறைந்த நபித்தோழர் அவர்களே. நபி (ஸல்) அவர்களின் முடி ஒன்றைத் தம் நாவின் கீழ் வைத்து அடக்கும்படி மாணவர் ஸாபித் அல்புனானீயிடம் (ரஹ்) கேட்டிருந்தார்கள்.

அவர்கள் விட்டுச்சென்ற சொத்து எது? நபிமொழிகளை அதிகமாக அறிவித்தவர்களில் மூன்றாமிடம் அவர்களுக்கு. அவர்கள் வழியாக 2286 அறிவிப்புகள் வந்துள்ளன. அபூபக்ர் (ரழி) கொடுத்த அந்த ஸகாத் கடிதத்தையும் அவர்கள் தொலைத்துவிடவில்லை. அது நபி (ஸல்) அவர்களின் முத்திரை கொண்டது. ஐந்து ஒட்டகங்களுக்கு ஓர் ஆடு, நாற்பது ஆடுகளுக்கு ஓர் ஆடு, வெள்ளியில் நாற்பதில் ஒரு பங்கு என்ற விவரங்கள் அதில் இருந்தன. பேரர் ஸுமாமா அந்தக் கடிதத்தை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சொன்னார். அதன் வாசகம் ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றது. ரமளானில் நாம் உட்கார்ந்து இரண்டரை சதவீதம் கணக்கிடும்போது, அதற்கான முக்கிய ஆதாரங்களுள் ஒன்று ஒரு குடும்பம் வீட்டில் பத்திரப்படுத்திய கடிதம் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா?

அதேபோல், தாயாரின் மறுமணத்தின் வழியே வந்த தம்பியின் மகன் இஸ்ஹாக், அனஸ் (ரழி) அவர்களிடம் கேட்டவற்றை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களுக்கு அறிவித்தார். முவத்தாவில் அந்த அறிவிப்புகள் இன்றும் உள்ளன. முத்திரையிட்ட ஹஜ்ஜாஜின் அதிகாரம் முடிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. முத்திரையிடப்பட்டவர் சொன்ன ஸலாமும் ஸகாத்தும் சுரைக்காயும் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றன. தெருவில் பிள்ளைகளைக் கடக்கும்போது அவர்களுக்கு முந்தி ஸலாம் சொல்வதுகூட, நபி (ஸல்) செய்ததைக் கண்டு அனஸ் (ரழி) செய்து காட்டிய வழக்கமே.

நம் இல்லங்களுக்கு

நம் ஊர்களின் பெரியவர்களும் தத்தம் காலத்தைச் சுமந்தவர்களே. சபராளிகளாக பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றவர்கள், 1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டு விழுந்தபோது கால்நடையாகத் திரும்பியவர்கள், அவர்களுக்காக இங்கே காத்திருந்த பெண்கள் எனப் பலருடைய ஆயுள் எந்த நூலிலும் ஏறவில்லை. அவர்களைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உம்மா, வாப்பா, நன்னி, அப்பா என்று நாம் அழைக்கும் முதியவர்களிடம் அமர்ந்து, அந்தக் கஷ்டத்திலும் நீங்கள் விடாமல் பிடித்திருந்தது எது என்று கேட்க வேண்டும். அதை எழுதி வைக்க வேண்டும். அவர்களுடைய பழைய கடிதங்களைப் பழைய காகிதக்காரரிடம் போடுமுன் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, நம் பிள்ளைகள் நம்மிடம் எதைக் காண்கிறார்கள் என்பது. ஒரு பத்து வயதுச் சிறுவர் பெரியவர் ஒருவரின் சிரிப்பையும் சாப்பாட்டையும் தொழுகையையும் அருகிலிருந்து பார்த்தார். அதை 80 ஆண்டுகள் சுமந்து சென்று உலகுக்குக் கொடுத்தார். இன்று நம் வீட்டிலும் பத்து வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எதிர்கொள்ளப்போகும் ஆட்சிகளையும் மாற்றங்களையும் நாம் தீர்மானிக்க முடியாது. பாங்கு சொன்னதும் நாம் எழுகிறோமா, வேலைக்காரரிடம் எப்படிப் பேசுகிறோம், தவறு செய்த பிள்ளையிடம் எந்த முகத்தைக் காட்டுகிறோம் என்பவை மட்டுமே நம் கையில் உள்ளன. அவர்கள் சுமந்து செல்லப்போவது அவற்றைத்தான்.

காலத்தின் மீது சத்தியமிட்டு மனிதனின் நஷ்டத்தை எச்சரித்த வல்ல அல்லாஹ், நம் ஆயுளை நஷ்டமாக்காமல் காப்பானாக. நம் முதியோரின் நன்மைகளை ஏற்று, நம் மக்களைத் தொழுகையை நேரத்தில் நிலைநாட்டுவோராக ஆக்குவானாக. ஆமீன்.